செக் இன்ஜின் லைட் வந்து வந்து போகிறது, 2011 பெட்ரோல் வண்டி: சென்சார் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

தெப்பக்குளம் கீழக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், பிஎஸ் 4, சென்னைப் பதிவு, இப்போது மதுரையில் ஓடுகிறது. கம்பெனிப் பெயர் வேண்டாமே, போட்டால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். மீட்டர் போர்டில் மஞ்சள் இன்ஜின் லைட் திடீரென்று வரும், சில நாள் எரியும், அப்புறம் தானாகவே போய்விடும். சரி, போய்த் தொலைந்தது என்று இருந்தால் மறுபடி வந்து நிற்கும். லைட் எரியும்போதும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டார்ட்டிங் சுத்தமாக இருக்கிறது, மிஸ்ஸிங் இல்லை, மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி ஒரு சந்தேகம்.

வீட்டுப் பக்கத்து மெக்கானிக் பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினார். லைட் போனது, அந்த வாரமே திரும்ப வந்தது. பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், சாமான் 3,800, கூலி தனி" என்றார்கள். என்ன எரர் கோட் வந்தது என்று கேட்டால், அதை அழித்துவிட்டோம் என்கிறார்கள். வாராவாரம் அப்பா அம்மாவைப் பார்க்க உசிலம்பட்டி போய்வருகிற வண்டி இது, நடுவழியில் நின்றுவிடக் கூடாது. பதினைந்து வருஷம் முடியப் போவதால் ஆர்சி புதுப்பிக்க எஃப்சிக்கும் காட்ட வேண்டும். சென்சாரை மாற்றிவிடலாமா, இல்லை வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

நாலாவது கியர்:

சார், சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள். கோட் நம்பர் தெரியாமல் ஆக்சிஜன் சென்சார் போச்சு என்று சொல்வதில் ஒன்றுமே இல்லை. எக்ஸாஸ்ட் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது அந்தச் சென்சார், அதைச் சுற்றியே ஏகப்பட்ட கோட் இருக்கின்றன. பி 0130 என்றால் சென்சாரின் சர்க்யூட், பி 0133 என்றால் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது, பி 0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட். பி 0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள், அதற்கும் பல இடங்களில் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். பாவம், உள்ளதை உள்ளபடி சொன்ன சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால் அதுவும் அதையேதான் சொல்லும்.

லைட் தானாக அணைவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்கு இசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், முதல் தடவையே லைட் போடாது. பெண்டிங் என்று குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைப் பார்த்தால்தான் லைட் எரியும். எரிந்த பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படவில்லை என்றால் லைட்டை அணைத்துவிடும், ஆனால் கோட் உள்ளேயேதான் இருக்கும். இன்ஜின் ஆறி மறுபடி முழுச் சூடாவது நாற்பது முறை நடந்த பிறகுதான் அது அழியும். இந்தியாவில் பிஎஸ் 4 வண்டிகளுக்கு வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிக்கிற ஓபிடி முறையை 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2 என்று கட்டாயமாக்கினார்கள். உங்கள் வண்டி இரண்டுக்கும் நடுவில் வந்தது என்பதால் இந்த எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கலாம், வேலை செய்கிற விதம் இதுதான். அதனால் லைட் அணைந்திருக்கிற நாளிலும் கோட் படிக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற தடயம் எல்லாம் போய்விடும், தயவுசெய்து இனி யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

கோட் படிக்க ஈஎல்எம் 327 புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்குங்கள், வண்டியில் செருகுகிற குட்டிக் கருவி அது, போனில் டார்க் ஆப் போட்டால் போதும். வாங்கும் முன் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிற 16 பின் சாக்கெட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14 ஆகிய இடங்களில் பின் இல்லாமல் 7ல் மட்டும் இருந்தால் உங்கள் வண்டி பழைய கே லைன் முறையில் பேசுவது. மலிவாக விற்கிற குட்டி டாங்கிள் சில கே லைனைப் படிப்பதில்லை, கேட்டு வாங்குங்கள். லைட் வந்ததும் கோட் நம்பரோடு ஃபிரீஸ் ஃபிரேம் என்று இருப்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு, லோடு எவ்வளவு இருந்தன என்று அதில் இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இன்னொன்று. லைட் நின்று எரிந்தால் பார்த்து ஓட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓட்டக் கூடாது. அது மிஸ்ஸிங்குக்கான எச்சரிக்கை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து ஓரம் கட்டிவிடுங்கள்.

மேலூர் ஒயரிங்:

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆட்டோ எலெக்ட்ரிக்கல் எனக்குப் பிழைப்பு, அதனால் என் கண் முதலில் பேட்டரிக்கும் எர்த்துக்கும்தான் போகும். வண்டி நின்று ஆறியிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8இலிருந்து 14.5க்குள். பேட்டரி நெகட்டிவில் இருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற எர்த் ஒயரின் இரண்டு முனையையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். வோல்ட் தடுமாறினால் இசியூ சம்பந்தமே இல்லாத கோட் எல்லாம் காட்டும்.

அப்புறம் எலி. நம்ம பக்கம் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் எலி இரை தேடி வீட்டுப் பக்கம் வரும், ராத்திரி சூடாக நிற்கிற இன்ஜின் மேல்தான் ஏறி உட்காரும். பானெட்டைத் திறந்து புழுக்கை, கடித்த பஞ்சு, ஒயர் மேல் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைப் பாதி கடித்து விட்டிருந்தால் வண்டி சும்மா நிற்கும்போது தொடர்பு இருக்கும், குலுங்கினால் விடும்.

முக்கியமாக ஒரு நோட்டில் எழுதுங்கள், லைட் எந்த நேரத்தில் வருகிறது என்று. மழைக்குப் பிறகா, வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, டேங்க் நிரப்பிய பிறகா. விட்டு விட்டு வருகிற கோளாறு என்றாலும் அது வருவதற்கு ஒரு நேரம் காலம் இருக்கும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாடிப்பட்டி வெங்காயம்:

இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு, எல்லாம் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோல் செய்கிற வேலை. என் 2009 வண்டியிலும் இதே மாதிரி லைட் வந்தது, ஸ்கேன் போட்டதில் பி 0171. அதற்கு முன்னால் வண்டியில் ஒரு குறை கிடையாது. பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

நாலாவது கியர்:

அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இ20க்காகச் செய்தவை அல்ல. ஆனால் பி 0171க்கு முழுப் பழியையும் அதன் மேல் போட்டுவிட்டால் உண்மையான கோளாறு தப்பித்துவிடும். எத்தனாலில் ஆக்சிஜன் கூடவே இருக்கிறது, எரிசக்தியும் குறைவு. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20க்கு அது 13.5 பக்கம் வரும். அதாவது இசியூ எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் விட வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற வண்டி அதைச் சமாளித்துவிடும். ஏற்கனவே எங்கேயோ காற்று கசிந்து பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாக விட்டுக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் இந்தச் சுமையும் சேர்ந்து எல்லை தாண்டி லைட் வரும்.

ஆப்பில் ஃபியூயல் டிரிம் என்று இரண்டு வரி இருக்கும், ஷார்ட், லாங். இசியூ எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்று அது காட்டும். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பிறகு ஆர்பிஎம்மை 2,500இல் பிடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் 20க்கு மேல் இருந்து, 2,500இல் ஐந்துக்கு வந்துவிட்டால் திராட்டிலுக்கு (காற்றை உள்ளே விடுகிற வால்வு) பிறகு எங்கேயோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு இன்ஜினுக்குள் சேருகிற ஆவியை இழுக்கிற பிசிவி வால்வுக்குப் போகிற குழாயும் பிரேக் பூஸ்டருக்குப் போகிற வாக்குவம் குழாயும்தான் முதலில் வெடிக்கும். அதுவும் மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும், வளைவின் அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால்தான் வெடிப்பு தட்டுப்படும். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் டிரிம் ஏறினால் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி கொஞ்சம் ஏறி இருந்தால் மட்டும் பெட்ரோலைக் குறை சொல்லலாம்.

தெப்பக்குளம் கீழக்கரை:

எல்லாருக்கும் நன்றி. டாங்கிள் வாங்கிவிட்டேன், சாக்கெட்டில் 7ஆம் பின் மட்டும்தான் இருந்தது, அதற்கேற்ற மாதிரி பார்த்து வாங்கினேன். மேலூர் அண்ணே சொன்னபடி யோசித்ததில் ஒன்று புரிந்தது. நத்தம் ரோடு பாலத்தில் ஏறும்போது ஒரு தடவை லைட் வந்திருக்கிறது, கொடைக்கானல் மலையில் வந்திருக்கிறது. உசிலம்பட்டி ரோட்டில் சமமாகப் போகும்போது வந்ததாக ஞாபகமே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் போய், அங்கிருந்து பழமுதிர்சோலைக்கு மேலே ஏறினேன். பாதி மலையில் லைட் வந்துவிட்டது.

கோட் பி 0135. ஃபிரீஸ் ஃபிரேமில் வேகம் 31, ஆர்பிஎம் 2,640, இன்ஜின் சூடு 91 டிகிரி, லோடு 82 சதவீதம். பேட்டரி வோல்ட் ஓடும்போது 14.1, எர்த் ஒயர் தேய்த்து மாட்டியாகிவிட்டது, எலி வந்த தடம் இல்லை. ஹீட்டர் என்று வருவதால் சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டர்தான் போய்விட்டதா? அப்படியானால் அந்த 3,800ஐக் கொடுத்துவிடுகிறேன்.

மேலூர் ஒயரிங்:

கொடுக்காதே தம்பி, இரு. ஹீட்டர் கம்பி அறுந்தால் அறுந்ததுதான். மேட்டில் மட்டும் அறுந்து இறக்கத்தில் ஒட்டிக்கொள்வது அபூர்வம். அந்தச் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் சூடேற்றத்தான் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் நிஜமாகவே போயிருந்தால் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, சமரோட்டிலும் கோட் விழும். உனக்கு இன்ஜின் முழுச் சூட்டில், 82 லோடில், மேட்டில் விழுகிறது. மேட்டில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது என்ன நடக்கும்? இன்ஜின் மவுண்டிங்கில் சாயும். இன்ஜினோடு போகிற ஏதோ ஒரு ஒயர் இழுபடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வண்டி ஆறிய பிறகு சென்சாரின் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பை, கழற்று. சென்சார் பக்கம் நாலு ஒயர் இருக்கும், அதில் ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டும் பெரும்பாலும் ஹீட்டர். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அந்த இரண்டுக்கும் நடுவில் பார், 3இலிருந்து 15க்குள் வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. அப்புறம் வண்டிப் பக்கத்துக் கப்ளரில் ஹீட்டருக்கு வருகிற 12 வோல்ட் பின்னைக் கண்டுபிடி. சில வண்டியில் இன்ஜின் ஓடினால்தான் அதில் கரண்ட் வரும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவார்கள், மீட்டரில் 12 காட்டும், ஒயர் நல்லா இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மீட்டர் கரண்ட் இழுக்காது தம்பி, பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் 12தான் காட்டும். அடைத்த குழாயை மூடி வைத்துப் பார்த்தால் பிரஷர் இருக்கிற மாதிரிதான் இருக்கும், திறந்து விட்டால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். அதனால் இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், ஒன்றை எடுத்து அந்த 12 வோல்ட் பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் போடு. பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்துகொண்டு இருக்கும்போதே ஒயரை முழு நீளத்துக்கும் கையால் ஆட்டிக்கொண்டே வா, எங்கே மங்குகிறதோ அங்கேதான் கோளாறு. சிக்னல் ஒயரிலும் இசியூவுக்குப் போகிற மற்ற ஒயரிலும் பல்பு போட்டுவிடாதே, இசியூ போய்விடும்.

சமீபத்தில் கியர்பாக்ஸ் இறக்கி வேலை ஏதாவது நடந்ததா?

தெப்பக்குளம் கீழக்கரை:

அண்ணே, எப்படிக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. கிளட்ச் பிளேட் மாற்றினோம், லைட் பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் கிளட்ச் வேலைக்கும் முதல் லைட்டுக்கும் நடுவில் சில வாரங்கள் ஓடிவிட்டன.

நண்பன் ஒருவனை வைத்துக்கொண்டு பார்த்தோம். ஹீட்டர் 6.2 ஓம்ஸ், நல்லா இருக்கிறது. 12 வோல்ட் பின்னில் மீட்டர் 12.4 காட்டியது, பல்பு போட்டதும் மஞ்சளாக அழுது வடிந்தது. ஒயரை ஆட்டிக்கொண்டே போனோம். கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்குக்கு மேலே ஒரு இரும்புத் தகடு இருக்கிறது, அதில் ஒயர் கட்டைப் பிடிக்கிற கிளிப் மாட்டும் ஓட்டை காலியாக இருந்தது. கிளட்ச் வேலை பார்த்த இடத்தில் கிளிப்பை மாட்டவில்லை. ஒயர் கட்டு நேராகத் தகட்டின் விளிம்பில் படுத்திருக்கிறது. மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் தேய்ந்து வழவழவென்று ஆகி, அடியில் ஒயரின் மேல்தோல் கத்தியால் கீறின மாதிரி திறந்திருந்தது. உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்துப்போய், இரண்டே இரண்டுதான் முழுசாக நின்றன. நண்பன் இன்ஜினைக் கையால் முன்னால் தள்ளினான், பல்பு அணைந்தது. விட்டதும் எரிந்தது. போட்டோ எடுத்திருக்கிறேன், சாயங்காலம் இங்கே போடுகிறேன்.

இதை எப்படிச் சரி செய்வது? சாலிடர் வைத்து டேப் சுற்றினால் போதுமா?

நாலாவது கியர்:

அருமை சார். 6.2 ஓம்ஸ் வந்த சென்சாரைக் கழற்றித் தூக்கிப் போட்டிருப்பார்கள், புதுச் சென்சாரும் அடுத்த மலையில் இதே கோட் காட்டியிருக்கும்.

சரி செய்த பிறகு ஒரு விஷயம். எரர் கோட் நம்பரை அழித்துவிட்டு உடனே எஃப்சிக்குப் போகாதீர்கள். அழித்ததும் இசியூ தன் சோதனைகளை எல்லாம் முதலில் இருந்து நடத்தும், அது முடிய சில ஓட்டம் ஆகும். அழித்துவிட்டு மறுபடி அதே பழமுதிர்சோலை ரோட்டில் ஏறி இறங்குங்கள், லைட் வரவில்லை என்று விட்டுவிடாமல் பெண்டிங் கோட் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கேயும் காலியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைலேஜ் கூடினால் இங்கே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.

மேலூர் ஒயரிங்:

தம்பி, பச்சை பூத்த இடம் வரைக்கும் வெட்டி எறி, இரண்டு பக்கமும் பளபள என்று செம்பு தெரிகிற வரை போக வேண்டும். அதே கனத்தில் ஒரு துண்டு ஒயர் சேர்த்து, கிரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டு. இந்த இடம் ஆடுகிற இடம் என்பதால் சாலிடர் வேண்டாம், சாலிடர் முடிகிற ஓரத்தில் ஒயர் விறைத்துப்போய் அங்கேயே மறுபடி ஒடியும். சென்சார் பக்கத்து ஒயரில் எப்போதுமே சாலிடர் வைக்கக் கூடாது, பல சென்சாருக்கு வெளிக்காற்று அந்த ஒயருக்குள்ளே இருக்கிற இடைவெளி வழியாகத்தான் போகிறது, அடைத்தால் சென்சார் தப்பாகக் காட்டும். அந்தக் கப்ளரில் கிளீனர் ஸ்பிரேயும் அடிக்காதே, கிரீஸும் வைக்காதே.

கிளிப் பழைய வண்டிச் சாமான் கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் டை மட்டும் போட்டு விட்டுவிடாதே, எக்ஸாஸ்ட் சூட்டில் சீக்கிரம் நொறுங்கிவிடும். தகட்டின் விளிம்பு படுகிற இடத்தில் கண்ணாடி நார் ஸ்லீவ் ஒரு சாண் நீளம் போடு. கிளிப் மாட்டின பிறகு உன் நண்பனை மறுபடி இன்ஜினை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லிப் பார், எந்தப் பக்கம் போனாலும் ஒயர் விறைக்காமல் இரண்டு விரல் தொங்கல் இருக்க வேண்டும்.